பெரும்பாக்கத்துப் பவளக்கால் உள்ளான்

“ஒரு கொக்கைப் பார்ப்பதற்கா கோழி கூவுமுன் எழுந்து ஓடுகிறீர்கள்?” என்று விடுதி நண்பர் பலர் எம்மை வினவியதுண்டு. அது கொக்கன்று என்பது எமது முதல் விடை. ஒரு நாளிற் பார்த்து முடியும் பறவையன்று என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் உணவுக் கூடத்து இரைச்சலில் விளக்குதல் அரிதாயிருந்தமையின், கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் எமக்கு அளிக்கப்பெற்ற இடத்தை அதற்கே பயன்படுத்தத் துணிந்தோம். ‘யாம்’ என்றது தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் இருவரையும் விலங்கியல் மாணவர் ஒருவரையும் குறிக்கும். புகைப்படக் கருவி மூவர்க்கும் ஒன்றே. அதுவும் விலங்கியல் நண்பர் தம் தாய்மாமனிடம் இரவல் பெற்றது.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை என்னும் பெருஞ் சதுப்பு நிலம் உளது. சுற்றுப்புறத்து ஏரிகள் பலவற்றின் மிகைநீர் அதனுள் வந்து தங்கி, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளத்துக் கழிமுகத்திற் கடலொடு கலக்கும். வீடும் சாலையும் அலுவலகமும் குப்பைமேடும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புகப் புக, இந்நிலம் பெரிதும் சுருங்கிற்று. 2007ஆம் ஆண்டில் இதன் ஒரு பகுதியாகிய 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பெற்றது. மரம் அரிதாகிய இடத்தைக் காடு என்பதோ என்று நகைப்பார் உளர். அது சட்டத்தின் சொல். அச்சொல்லே எஞ்சிய நீரைக் காத்தது. 2022இல் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. ஈர நிலங்களைக் காத்தற்பொருட்டு ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971இல் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கை அது. காப்புக் காட்டினுள் இசைவு பெறாது புகலாகாது. ஆதலின் யாம் சென்றது அதன் தென்பாலுள்ள பெரும்பாக்கத்து நீர்நிலைக்கு. சோழிங்கநல்லூரையும் மேடவாக்கத்தையும் இணைக்கும் சாலையின் ஓரத்திலேயே அது கிடத்தலின், பேருந்தினின்று இறங்கிய நொடியிலேயே பறவைகள் கண்ணிற் படும்.

கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஒரு விடியற்காலையில் யாம் முதன்முதல் அங்குச் சென்றபோது, சாணளவினும் குறைந்த நீரில் இருபது முப்பது பறவைகள் நடந்துகொண்டிருந்தன. மார்பும் வயிறும் தூய வெண்மை, முதுகும் சிறகும் கருமை, அலகு ஊசிபோல் நேராய் மெலிந்து கறுத்தது, கண் சிவப்பு, கால்களோ இளம் பவள நிறம். சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூதுவிட்ட நாரை இதுவே எனத் தமிழ் மாணவர் இருவரும் ஒருங்கே முடிவு கட்டினோம். விலங்கியல் நண்பர் நகைத்தார். செங்கால் நாரை அலகு முதல் வால்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடைய பெரும் பறவை. இதுவோ 40 சென்டிமீட்டருக்கு மேற்படாது. எடையும் 200 கிராம் அளவினதே. நாரையின் அலகும் சிவப்பு; இதன் அலகு கறுப்பு. பாட்டின் வழியே பறவையைத் தேடுவோர்க்கு இத்தகைய இடறல் நேர்தல் இயல்புபோலும், தோல்வியை ஒப்புக்கொண்டோம்.

இதன் பெயர் பவளக்கால் உள்ளான். நெடுங்கால் உள்ளான் எனவும் வழங்குவர். 1758இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பெயரிலுள்ள ‘ஹிமாண்டோபஸ்’ என்பது கிரேக்க மொழியில் வார்க்கால் எனப் பொருள்படும். தோல்வாரைப்போல் மெலிந்த காலையுடையது என்பது கருத்து. காலில் அவர் தோல்வாரைக் கண்டார். நம்மவர் பவளத்தைக் கண்டனர். நம்மவர் இட்டதே அழகிய பெயர் என்பது எம் துணிபு, மறுப்போர் மறுக்க. ஆணின் முதுகு பளபளக்கும் கருமை. பெண்ணின் முதுகு சற்றே பழுப்புத் தோய்ந்தது. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ள எமக்கு மூன்று வாரம் ஆயிற்று. அறிந்தபின்னரே, ஒரே பறவைக் கூட்டம் என்று எண்ணியதனுள் இணை இணையாகப் பறவைகள் இருப்பது எமக்குத் தெரியவந்தது.

உடலின் அளவொடு ஒப்பிட்டு நோக்கின், பூநாரையை ஒழித்தால், இதனினும் நெடிய கால் படைத்த பறவை இல்லை என்பர் பறவை நூலார். அக்காலின் நடுவே பின்னோக்கி மடியும் மூட்டு ஒன்று காணப்படும். ‘முழங்கால் ஏன் பின்புறம் மடிகிறது?’ என்று கேளாதார் இல்லை. அது முழங்காலன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்று இறகுகளினுள் மறைந்து, நம்முடையதுபோல் முன்னோக்கியே மடிகின்றது. கணுவிற்குக் கீழே நாம் ‘கால்’ எனக் காண்பது, நம் பாதத்து எலும்புகள் ஒன்றாய் இணைந்து நீண்டாற்போன்ற ஓர் உறுப்பு; பறவை நிற்பது விரல்களின்மேல். குதிகாலை உயரத் தூக்கி நுனிவிரலில் நின்று பார்ப்பார்க்கு இஃது உடனே விளங்கும். விடுதி நண்பர் ஒருவர் இதனை நம்ப மறுத்துக் கோழிக்கறி வந்த நாளிரவு எலும்புகளைத் தட்டில் அடுக்கி ஆராய்ந்தபின்னரே உடன்பட்டார்.

இத்துணை நெடிய கால் எதற்கு? அலங்காரத்திற்கன்று என்பதைச் சில நாட் காலைப் பொழுதே கற்பிக்கும். நீர்விளிம்பிலுள்ள ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகள் ஓடிஓடி நின்று இரை பொறுக்கும். விரற்கடை நீரில் பொறி உள்ளான் மேயும். அதற்கும் அப்பால், அச்சிறு பறவைகளின் வயிறு நனையுமிடத்தில், பவளக்கால் உள்ளான் வயிறு நனையாமல் நடக்கும். இன்னும் ஆழத்தில் சாம்பல் நாரை அசையாது நிற்கும். ஒரே நீர்நிலையில் ஒன்றன் உணவை ஒன்று பறியாது பல பறவைகள் உண்பது பெரும்பாலும் கால் நீளத்தின் வேறுபாட்டால் என்றே சொல்லலாம். ஆகவே, நீர் ஒரு சாண் ஏறினும் இறங்கினும் அங்கு உண்போர் யார் என்பது மாறிவிடும். மழை நிறைந்த நாட்களில் வாத்தும் நாமக்கோழியும் பெருகியிருக்க, உள்ளான் ஒன்றேனும் காணப்படாத காலையும் எமக்கு உண்டு. ஓரங்களை மண்கொட்டி உயர்த்தி, நடுவில் மட்டும் ஆழமாகத் தோண்டி, ‘ஏரியை அழகுபடுத்தினோம்’ என்பார் இதனை நினைப்பாராக. சாய்ந்து செல்லும் சேற்றுக் கரை போனால் நடுநீர் எவ்வளவு தெளிந்திருந்தும் இப்பறவைக்கு நிற்க இடமில்லை.

இரை கொள்ளும் முறையும் நோக்கத்தக்கது. தலையை நீரினுள் அமிழ்த்துதல் மிக அரிது. மேற்பரப்பிலும் சிறிது கீழும் உள்ள பூச்சி, புழு, சிறு நத்தை ஆகியவற்றை மெல்லலகால் கொத்தி எடுக்கும். காலைத் தூக்கும்போது விரல்களைக் குவித்து, நீர் கலங்காமல் வெளியே எடுத்து, மீளவும் குத்தென ஊன்றும். இதனைப் பார்த்து நிற்கையில் குறுந்தொகையில் கபிலர் பாடிய பாட்டு (25) எமக்கு நினைவு வந்தது. தலைவன் தன்னை மணந்த அன்று வேறொருவரும் இல்லை, ஆரல் மீனுக்காகக் காத்துநின்ற குருகு ஒன்றே உண்டு எனத் தலைவி கூறும் பாட்டு அது. வகுப்பில் அதனைக் கற்றபோது, சாட்சி சொல்ல இயலாப் பறவை என்பதே அதன் அவலம் எனக் கொண்டோம். சேற்றங்கரையில் நின்றபோது மற்றொன்றும் தோன்றிற்று. அக்குருகு மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்க்கவே இல்லை. அங்ஙனம் தன் தொழிலில் ஆழ்ந்து நம்மைப் பொருட்படுத்தாத பறவையே புகைப்படம் எடுப்போர் வேண்டும் பறவை. அது கிடைப்பது எத்துணை அருமை என்பதை இனிக் கூறுவோம்.

இப்பறவையைப் படம் பிடித்தலில் முதல் இடர் நிறம். கருவியின் ஒளியளவி இருண்ட நீரைக் கண்டு ஏமாந்து ஒளியை மிகுதியாக ஏற்கும். வெண்மார்பு ஓர் இறகும் தெரியாத சுண்ணாம்புத் திட்டாகிவிடும். அளவைச் சற்றுக் குறைத்தால் மார்பு தெளியும். முதுகுக் கருமை மையாய் விடும். காலை ஏழு மணிக்குள் பக்கவாட்டில் விழும் இளவெயிலில் மட்டுமே இரண்டும் ஒருங்கே அமையும். எட்டரை மணிக்குமேல் சேற்றினின்று வெப்பக் காற்று எழுந்து அலைதலால் தொலைவிலுள்ள படம் கலங்கும். நடக்கும் பறவைக்கு 1/1000 நொடி போதும். பறப்பதற்கு 1/2000 வேண்டும். பறக்கும்போது கால்கள் வாலுக்கு அப்பால் நெடுந்தூரம் நீண்டு கிடத்தலின், படச் சட்டத்துள் அலகு அடங்கினால் கால் அடங்காது. எம் முதல் நூறு படங்களில் பெரும்பாலானவை காலறுந்த உள்ளான்கள். நின்றபடி எடுத்தால் பின்புறம் முழுதும் சேறு தெரியும். கரையில் நெஞ்சு பட விழுந்து கிடந்து கருவியை நீர்மட்டத்திற்குத் தாழ்த்தினால், பின்புலம் நெடுந்தொலைவிற் சென்று மங்கப் பறவை மட்டும் எழுந்து நிற்கும். சட்டையை வெளுப்பவர் என்ன நினைப்பார் என்பது தனிச் செய்தி.

இரண்டாவது இடர் தூரம். பெரிய இடரும் அதுவே. கணக்கு எளிது. 400 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டு 40 மீட்டருக்கு அப்பாலுள்ள பறவையை நோக்கினால், 38 சென்டிமீட்டர் அளவுள்ள அதன் உருவம் கருவியினுள் 3.8 மில்லிமீட்டராக விழும். எம் கருவியின் ஒளியேற்கும் தகட்டின் உயரம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். ஆகப் பறவை சட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. இருபது மீட்டருக்கு நெருங்கினால் அரைப்பங்கு. பத்து மீட்டரில் சட்டம் நிறையும். நெருங்கும் ஒவ்வோர் அடிக்கும் படம் வளர்வதைக் கண்ணாற் கண்டவன் எளிதில் நிற்கமாட்டான். இது கருவி நமக்குள் ஊட்டும் ஆசை.

இந்த ஆசையைத் தணிக்க முன்னோர் பல வழி கண்டனர். ரிச்சர்டு, செர்ரி என்னும் ஆங்கிலேயராகிய கியர்ட்டன் சகோதரர் 1900ஆம் ஆண்டு எருதுத் தோலால் உட்டுளையுள்ள பொய்யெருது ஒன்று செய்வித்து, அதன் வயிற்றினுள் கருவியொடு புகுந்து நின்று பறவைகளைப் படம் பிடித்தனர். கேட்க நகைப்பாயினும், பெரும்பாக்கத்து எருமைகளைக் கண்டபின் யாம் நகைக்கவில்லை. மேய்ந்து செல்லும் எருமை இரை தேடும் உள்ளான் கூட்டத்திற்கு மிக அருகில் நடந்தாலும் ஒரு பறவையும் தலை நிமிராது. யாம் அறுபது அடியில் ஓர் அடி எடுத்துவைத்தால் அனைத்தும் நிமிரும். நம் நாட்டில் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) கருப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்துப் புகழ்பெற்றவர். உள்ளானுக்கு அம்முறை மிகப் பொருந்தும், கால் ஒன்று நீங்கலாக. யாம் கைக்கொண்டது மண்ணிற ஆடை உடுத்து ஓரிடத்தில் அமர்ந்து, பறவை தானே அருகில் வரும்வரை காத்திருத்தல். மார்கழியிலும் தையிலும் இம்முறை நன்கு பயன் தந்தது. பதினைந்து மீட்டர் தூரம்வரை தாமாக வந்த பறவைகளும் உண்டு.

சென்ற ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையின்போது, இம்முறையை யாமே கைவிட்டோம்.

நீர் வற்றிச் சேறு பாளம் பாளமாய் வெடித்திருந்தது. நடுவே ஆங்காங்குச் சிறு குட்டைகள். எட்டு மணியளவில் யாம் கரையினின்று இறங்கிச் சிறிது தூரம் நடந்ததும், உள்ளான் ஒன்று கிக் கிக் எனக் கதறிக்கொண்டு எம் தலைக்கு மேலே சுழன்றது. பின்னர்ச் சற்றுத் தொலைவில் இறங்கி, ஒரு சிறகை விரித்துச் சேற்றில் இழுத்தவாறே தள்ளாடி விழுந்தது. சிறகு முறிந்தது என்றே கொண்டோம். இரக்கம் உண்டாயிற்று, இரக்கத்தொடு படமும் எடுத்தோம். அருகிற் சென்றால் தத்தித் தத்திப் பத்தடி அப்பாற் போய் மீண்டும் விழும். யாமும் பின்தொடர்ந்தோம். மாதக்கணக்காய்க் கிட்டாத அண்மை அன்று கிட்டிற்று: விரித்த சிறகு, திறந்த அலகு, லென்ஸையே நோக்கும் சிவந்த கண். ஐம்பது நிமிடத்தில் 86 படங்கள்.

கரையில் எருமை ஓட்டிவந்த முதியவர் ஒருவர் எம்மை நெடுநேரம் பார்த்திருந்து, பின் கைதட்டி அழைத்தார்.

“தம்பிகளா, அதுக்கு ரெக்கை ஒண்ணும் ஆவலை. முட்டை வெச்சிருக்குது. உங்களை அந்தாண்ட இட்டுக்கினு போவுது. வெயில் ஏறுது பாருங்க, மொதல்ல கரைக்கு வாங்கப்பா.”

“எங்கே ஐயா முட்டை?” என்றார் விலங்கியல் நண்பர்.

முதியவர் வாய் பேசாமல் எம் தோற்பையைச் சுட்டினார். இறங்கியவுடன் பாரம் குறைத்தற்பொருட்டு அதனை ஒரு சேற்றுத் திட்டின்மேல் வைத்திருந்தோம். பையினின்று இரண்டு முழ தூரத்தில், உலர்ந்த கோரைத் துணுக்குகளின் நடுவே, மண்ணிறத்தில் கரும்புள்ளி தெளித்தாற்போல் நான்கு முட்டைகள் வெயிலிற் கிடந்தன. பையை எடுக்கக் குனிந்தவர் அதற்கு முன் அவற்றை மிதியாதது அவர் திறமையாலன்று.

நீர்நடைப் பறவைகளுள் தரையில் முட்டையிடும் பலவற்றிற்கும் இந்தப் பொய்க்காயம் ஒரு காவல். நரியும் நாயும் முடப்பட்ட இரையைக் கண்டால் வேறொன்றைத் தேடா. அவற்றைக் கூட்டினின்று தொலைவிற் கொண்டுபோய் விட்டபின் பறவை நலமே எழுந்து பறக்கும். சிலபோது முட்டையில்லா இடத்தில் அடைகாப்பதுபோல் அமர்ந்தும் ஏமாற்றும். எம்மிடத்து இச்சூழ்ச்சி பலித்தும் பலிக்கவில்லை. நாய் ஏமாந்து போய்விடும். யாமோ ஏமாந்தபடியே அங்கு நின்றுவிட்டோம். அப்பறவை எம்மை விட்டு நீங்கவும் மாட்டாது, முட்டைக்குத் திரும்பவும் மாட்டாது தவித்தது. நம் நாட்டில் சித்திரை வெயிலில் அடைகாத்தல் என்பது பெரும்பாலும் சூடு கொடுத்தலன்று, சூட்டினின்று காத்தல். கரு வளர்தற்கு ஏற்ற வெப்பம் 37, 38 பாகை செல்சியஸ் அளவு. வெறுந்தரையில் நேர்வெயில் படும் முட்டை விரைவில் அதனைக் கடந்துவிடும்.

கரையேறிச் சாலையோரத்தில் ஒரு மரநிழலில் நின்று தொலைநோக்கியாற் பார்த்தோம். தூரம் எண்பது மீட்டருக்குக் குறையாது. நான்கு நிமிடம் சென்றது. பறவை நேரே முட்டைக்கு வரவில்லை. முதலிற் குட்டைக்குச் சென்று கால்களை மடித்து வயிற்றை நீரில் தோய்த்தது. ஈரம் சொட்டச் சொட்ட நடந்து வந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது. அமர்தல் என்பதும் அதற்கு ஒரு பெருந்தொழில்: நெடிய கால்களை ஒவ்வொன்றாக மடக்க, கணு மூட்டுக்கள் வாலுக்குப் பின்னே இரண்டு குச்சிகள்போல் நீட்டி நிற்கும். இருபது நிமிடத்திற்குப்பின் அதன் துணை வந்து இடம் மாற்றிக்கொண்டது. அதுவும் வயிற்றை நனைத்தே வந்தது. வெயிற் காலத்தில் முட்டையைக் குளிர்வித்தற்கு இப்பறவைகள் இங்ஙனம் நீர் சுமத்தல் பறவை நூலார் பலர் கண்டெழுதிய செய்தி. அன்று பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே இரண்டும் சேர்ந்து 11 முறை நீர் சுமந்ததை எண்ணினோம். யாம் படம் எடுத்துக்கொண்டிருந்த ஐம்பது நிமிடத்தில் ஒரு முறையும் இல்லை.

விடுதிக்கு மீண்டபின் 86 படங்களையும் பார்த்தோம். அவற்றுள் ஒன்று யாம் அதுவரை எடுத்த அனைத்தினும் சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இம்மலரில் அதனை வெளியிடல் வேண்டும் என எம்முள் ஒருவர் வாதாடினார். பொய்க்காயம் எனக் குறிப்பெழுதி வெளியிட்டால் அறிவு நூற்கும் பயனாகும் என்பது அவர் கட்சி. மற்றை இருவரும் இசையவில்லை. அப்படத்தை எடுத்தற்கு ஒரே வழி கூட்டின்மேல் போய் நிற்பது. அதனை அழகிய படம் எனக் கண்டவர் பிறிதொரு சித்திரையில் அதுபோன்றதொன்றைத் தேடிச் செல்வர். எம் பிழையைப் பிறர்க்கு வழிகாட்டியாக அச்சிடுதல் தகாது என்றோம். வாதம் இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் வாதாடியவரே அதனை அழித்துவிட்டார். எமக்கு அதில் சிறிது வருத்தம் இன்றும் உண்டு என்பதை மறைப்பானேன்.

அதன்பின் சாலையோரத்து மரத்தடியே எம் இருக்கை. கூட்டின் இடத்தை ஒருவரிடத்தும் சொல்லவில்லை. அடைகாக்கும் காலம் மூன்று வாரத்திற்கும் சிறிது மேல். தேர்வுக்குப் படிக்கும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு வாரம் இருமுறை சென்றோம். தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தின் ஒரு பெரும்பகுதியை அம்மரத்தடியிலேயே முடித்தோம். முதியவர் எருமைகளோடு வருங்கால் “இன்னும் பொரிக்கலை” என்றோ “நாய் வந்துது, வெரட்டிட்டேன்” என்றோ சொல்லிப் போவார்.

மே மாதத்து இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, கூட்டின்மேல் பறவை இல்லை. குட்டையோரத்தில் தாயும் தந்தையும் நின்றன. குஞ்சுகள் பொரித்த ஒரு நாளைக்குள் கூட்டைவிட்டு நடக்கவும் தாமே இரை கொத்தவும் வல்லன என்பதைப் படித்திருந்தும், முதலில் எம் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பருந்து ஒன்று மேலே வட்டமிடத் தாய் ஒலி எழுப்பிற்று. சேற்றில் எதுவோ அசைந்து உடனே நின்றது. அவ்வசைவைக் கொண்டே இடத்தை அறிந்தோம். பருந்து போனபின் குஞ்சுகள் எழுந்தன. எண்ணினோம், மூன்று. மறுநாளும் மூன்றே. நாயோ காகமோ வெயிலோ, எம் ஐம்பது நிமிடமோ, நான்காவதைக் கொண்டுபோயிற்று.

இம்மலரில் ஆசிரியர் அச்சிட இசைந்த படம் அன்று சாலையோரத்தினின்று எடுத்தது. நீரும் சேறும் பெரிது. பறவை சுண்டுவிரல் நகத்தளவு. நிற்பது ஆண். அதன் காலடிக்கு இடப்புறம், கோரைப் புதரின் நிழலில், மூன்று மண்ணிறப் புள்ளிகள் தெரியும். அவை அச்சுக் கறையல்ல.